மோசமான ரோடு எங்கே இருக்கிறது

3.9.2025, புதன்

பிக்கப்பைக் கொடுத்துவிட்டேன். பதினோரு வருடம் தக்காளி ஏற்றிய வண்டி. பதிலுக்கு வந்திருப்பது அரூர்ப் பக்கத்துக் கலைமணியின் வண்டி. அவர் எஸ்யூவி என்கிறார். எங்கள் ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் ஜீப் என்றார்கள். வண்டிக்கு வண்டி, சரிக்குச் சரி. வெள்ளை நிறம். ஏறுவதற்குப் படி. மூக்கில் கொடி இல்லாத ஒரு கொடிக்கம்பி. பக்கவாட்டில் கூரை வரை ஏறும் கறுப்புக் குழாய் ஒன்று. "கழுத்தளவு தண்ணியில எறக்கினாலும் இது வழியா மூச்சு வுட்டுக்கும்ங்க" என்றார். பாலக்கோட்டில் கழுத்தளவு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கியர். அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்குமாம். சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாசத்துக்கு ஒருக்காவது ஃபோர் வீல் போட்டு ஓட்டிரணும். இல்லீன்னா புடிச்சிக்கும். தார் ரோட்டுல மட்டும் போட்டுராதீங்க, கியர் பாக்ஸ் போயிரும். மோசமான ரோடாப் பாத்துப் போடுங்க."

எழிலரசி வெளியே வந்து பார்த்தாள். "நம்ம வண்டி எங்க?" என்றாள். சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

4.9, வியாழன்

பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

5.9, வெள்ளி

இன்றும் இல்லை. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தது இதுதான் முதல். பேச ஆள் இல்லாததால் உரக்கடையில் கொடுத்த டைரியை எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்காகத்தானே செய்தேன்? போன வாரம் அதியமான்கோட்டையில் கல்யாணம். அவள் பட்டுப்புடவை, நான் வெள்ளை வேட்டி. மண்டப வாசலில் காவல்காரர் பிக்கப்பைப் பார்த்ததும், "சமையல் வண்டிங்களா? பின்னாடி போங்க" என்று கையைக் காட்டினார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். நானும் பின்னால் கொண்டுபோய், அண்டாக்களுக்கு நடுவில் நிறுத்தினேன். பட்டுப்புடவையோடு அவள் அடுப்பைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இதைச் சொன்னால் புரிந்துகொள்ளுவாள். கேட்கத்தான் மாட்டேன் என்கிறாள்.

9.9, செவ்வாய்

ஃபோர் வீலை எங்கே போடுவது? எங்கள் ஊர் ரோடு தார். பாலக்கோட்டு ரோடு தார். போன வருடம் வரை குழியாக இருந்த ஏரிக்கரை ரோட்டுக்குக்கூட சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். சரி, நம் தக்காளிக் காட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்போம் என்று குட்டி கியரைப் போட்டு இறக்கினேன். கடக்கென்று ஒரு சத்தம் வந்தது. நன்றாகத்தான் போனது. சொட்டுநீர்க் குழாயை மறந்துவிட்டேன்.

ஆறு வரிசை.

10.9, புதன்

எழிலரசி பேசினாள். "குழாய் வாங்கிட்டு வாங்க." மூன்று வார்த்தை.

15.9, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பக்கத்து ஊர் ஏரி வறண்டு கிடக்கிறது, உள்ளே மேடு பள்ளமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். காலை பதினோரு மணிக்கு ஏரிக்குள் இறக்கினேன். கரையோரப் புளியமரத்தடியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அறுபது பேரும் எழுந்தார்கள். மண்வெட்டி இருந்தவர்கள் வெட்டினார்கள், கூடை இருந்தவர்கள் சுமந்தார்கள். ஒரு அம்மா எதுவும் கிடைக்காமல் வெறுங்கையாலேயே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளரான பெண் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "கையெழுத்துப் போடுங்க சார்" என்றது.

"எனக்கு வேண்டாம்மா. நான் சும்மா வந்தேன்" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துப் போடாத அதிகாரியை அது பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வரும்வரை யாரும் உட்காரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அந்த வெறுங்கை அம்மா அப்போதும் பறித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி இல்லை என்று நான் ஏன் சொல்லவில்லை? அவர்கள் கேட்கவில்லையே. கேட்டால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

21.9, ஞாயிறு

டீக்கடையில் விசாரித்தேன். "இந்தப் பக்கம் ரொம்ப மோசமான ரோடு எங்க இருக்குதுங்க?"

கடையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்க ஊர் ரோட்டுக்கு வாங்க, அவங்க ரோடெல்லாம் ஒரு ரோடா, எங்க ரோட்டுல பால் வண்டியே கவுந்துருக்குது. ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவரோடு போனேன். அருமையான ரோடு. இடுப்பளவு குழிகள். வண்டி இறங்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்து, மறந்துபோகாமல் இருக்க இந்த டைரியின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். அப்போதே வண்டியை இறக்கியிருக்கலாம். பின்னால் பால் வேன் வந்துவிட்டது, வழிவிட வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நிதானமாக வரலாம் என்று திரும்பிவிட்டேன்.

28.9, ஞாயிறு

நாசமாப் போச்சு. குழி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, மட்டமாக இருக்கிறது. நான் குச்சி விட்ட இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே மண் போட்டிருக்கிறார்கள்.

வேறு ரோடு ஒன்று பார்த்து அளந்துவிட்டு வந்தேன்.

1.10, புதன்

அதையும் மூடிவிட்டார்கள்.

3.10, வெள்ளி

மாதவராஜ் என்று ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் அளந்த ரோடுகள் இருக்கும் ஊராட்சியின் செயலராம். நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். "ஐயா எந்த டிபார்ட்மென்ட்டுன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன் எழிலரசி உள்ளிருந்து சொன்னாள்: "தக்காளி டிபார்ட்மென்ட்டுங்க."

மாதவராஜ் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். "புரியுதுங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னா சொல்ல வேண்டாம்."

"இல்லீங்க, நெசமாலுமே தக்காளிதான்" என்றேன்.

"அதாங்க, நானும் அப்படியே சொல்லிக்கறேன்" என்று எழுந்து கும்பிட்டார்.

அவர் போனதும் எழிலரசி பழத்தை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அடுக்களையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

6.10, திங்கள்

முதல் பறிப்பு. அறுபது கிரேடுப் பெட்டி. ஜீப்பில் சீட்டை மடக்கிப் பதினாலுதான் நுழைந்தது, அதிலும் கதவு சாத்தியபோது ஒன்று நசுங்கி ரத்தக்களறி. எழிலரசி யாருக்கோ போன் செய்து வாடகை வண்டி வரச்சொன்னாள்.

வந்தது எங்கள் பிக்கப். ஓட்டிவந்தது கலைமணி.

மூவருமாகக் கிரேடை ஏற்ற ஆரம்பித்தோம். எந்த மூலையில் எத்தனை வைக்கலாம், எந்தக் கொக்கி வழுக்கும் என்று எழிலரசியே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். கலைமணி முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நிம்மதியா இருக்குதுங்க" என்றார் என்னிடம். "அந்த வண்டியில எங்க போனாலும் மனு குடுப்பாங்க. ஒரு தடவ எழவுக்குப் போனேன். எழவு வூட்டுலயே ரெண்டு மனு."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா மாத்தியிருக்க மாட்டீங்களே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

12.10, ஞாயிறு

சின்னபொண்ணு என்று ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், சாமை ஒரு பையோடு வந்தார். வத்தல்மலைக்குப் பின்பக்கம் நொச்சிக்கோம்பை அவர் ஊர். முப்பது வீடு. பழைய வண்டிப்பாதை ஆறு கிலோமீட்டர் இருக்கிறது, பேருக்குத்தான். சாமையும் புளியும் தலைச்சுமையாகத்தான் கீழே வருகிறது. பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், ஏறி இறங்க முடியாமல்.

நான் முந்திக்கொண்டேன். "அம்மா, நான் ஆபீசரெல்லாம் இல்லீங்க."

"தெரியும்ங்க தம்பி. மூணு வருசத்துக்கு முன்னால எங்க சாமை மூட்டைய தருமபுரிக்கு ஏத்திக்கிட்டுப் போனது நீங்கதானே. அந்த வண்டியில பின்னாடி நானும் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியாதில்லீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். வண்டியில வந்து, குச்சிய வுட்டுப் பாத்துட்டுப் போங்க. போதும்."

அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. பத்து வருடமாக மனு கொடுத்துப் பார்த்துவிட்டார்களாம். குச்சி என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது.

வாயைத் திறக்காமல் ஏமாற்றினால் அது ஏமாற்று இல்லையா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

13.10, திங்கள்

"எப்பப் போறீங்க?" என்று எழிலரசி கேட்டாள். புதன் என்றேன். "நானும் வர்றேன்" என்றாள்.

15.10, புதன்

உடம்பெல்லாம் வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

அடிவாரத்தில் தார் முடிகிற இடத்தில் ஊரே இறங்கிவந்து நின்றது. நான் குட்டி கியரைப் போட்டேன். கடக். இவ்வளவு நாள் தேடிய ரோடு இதுதான். கல், பள்ளம், வேர், பக்கவாட்டுச் சரிவு. மனசுக்குள் மத்தளம்.

ஆனால் வண்டிக்கு முன்னால் இருபது பேர் நடந்துபோய், வழியில் இருந்த கல்லை எல்லாம் எடுத்து ஓரம் போட்டுக்கொண்டே போனார்கள். பள்ளத்தில் மண் தள்ளினார்கள். விருந்தாளிக்கு மரியாதை. "எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று கண்ணாடியை இறக்கிக் கெஞ்சினேன். "பரவால்லீங்க சார்" என்று இன்னும் வேகமாக எடுத்தார்கள். எழிலரசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயில் முந்தானையை வைத்திருந்தாள். பயத்தில் என்று நினைத்தேன்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு ஏற்றம். பின்சக்கரம் இரண்டும் சுற்றுகிறது, புகைகிறது, வண்டி நகரவில்லை. முன்சக்கரம் சாமி மாதிரி சும்மா இருக்கிறது. சின்னபொண்ணுவின் வீட்டுக்காரர் சென்றாயன் சேலத்தில் லாரிப் பட்டறையில் ஆறு வருடம் இருந்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இதுல முன் சக்கரத்துக்குப் போற ராடே இல்லீங்களே."

"இல்லீன்னா?"

"கழட்டிட்டாங்க. ரொம்ப வருசத்துக்கு முன்னாலயே. அந்தக் குட்டி கியரு எதுலயும் மாட்டல. சும்மா நிக்குது."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன். ஒன்றரை மாதமாக மோசமான ரோட்டைத் தேடி நான் அலைந்தது எதற்கு? எந்தக் கியருக்கு?

திருப்பிக் கீழே கொண்டுபோகலாம் என்றால் திருப்ப இடமில்லை. அப்போது சின்னபொண்ணு, "வந்தது வந்துருச்சு, மேலயே போயிறலாம்" என்றார். வடம் கொண்டுவந்தார்கள். ஆண், பெண் எல்லாருமாக நாற்பது பேர். தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தேன். இறங்கி நானும் இழுக்கிறேன் என்றால் விடவில்லை. எழிலரசி எப்போதோ இறங்கி வடத்தைப் பிடித்துவிட்டாள். முன்கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் ஏறினேன்.

ஊர்க்கோயில் முன்னால் நிறுத்தினோம். போட்டோ எடுத்தார்கள். சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு. நாங்கள் நடந்து இறங்கினோம். வண்டி மேலேயே இருக்கிறது. அந்தச் சரிவில் வடம் கட்டியும் இறக்க முடியாது.

16.10, வியாழன்

நேற்று இறங்கும்போது நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். எழிலரசி மறுபடி வாயில் முந்தானையை வைத்தாள். அப்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"உனக்காகத்தான் மாத்தினேன்" என்றேன். "அன்னிக்கு மண்டபத்துல உன்ன அடுப்படி வழியா நடக்க வெச்சுட்டாங்களேன்னு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எனக்கு என்னங்க? சமையக்காரம்மா எங்க ஊரு. வடை சுடச்சுட ரெண்டு குடுத்தாங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். கொறச்சல் பட்டது நீங்க. அதையும் எம் பேருல எழுதாதீங்க."

ஆமா, என்னாலதான் தாங்க முடியல. அவ புடவையப் பத்தி நான் அன்னிக்கு நெனைக்கவே இல்ல. வாசல்ல நின்னு பாத்த என் பங்காளிங்க மொகந்தான் கண்ணுல இருந்துச்சு. இதைச் சொன்னேன். "ம்" என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, வண்டியக் குடுக்கறதுக்கு முன்னால? பதினோரு வருசம் அந்தக் கிரேடை நானுந்தானே தூக்கினேன்."

மன்னிப்புக் கேட்டேன். எழுந்து நடந்தோம்.

20.10, திங்கள்

தீபாவளி. வண்டி மலையில்.

24.10, வெள்ளி

கலைமணியிடம் சண்டை போடலாம் என்று போனேன். ராடு இல்லை என்றதும் அவர் என்னைவிட அதிர்ந்துபோனார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் வாங்கும்போது அவரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு, மாசத்துக்கு ஒருக்கா போடணும்னு. நானும் அஞ்சு வருசம் மாசாமாசம் அரூர் ஆத்து மணல்ல போட்டு ஓட்டினேன்."

"நல்லா இழுத்துச்சுங்களா?"

"இழுத்த மாதிரிதாங்க இருந்துச்சு."

சண்டை போட முடியவில்லை. திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் எதை மாற்றுவது? பறிப்பு நாளில் பிக்கப்பை நானே எடுத்துக்கொள்வது, மற்ற நாளில் அவர் ஓட்டுவது என்று பேசிக்கொண்டோம். சரி சொல்லும் முன் எழிலரசிக்குப் போன் போட்டுக் கேட்டேன். சரி என்றாள்.

5.11, புதன்

வாராவாரம் புதன்கிழமை வண்டியைப் பார்க்க ஏறுகிறோம். இன்று போனால், வண்டிக்குப் பக்கத்தில் ஒன்றிய அலுவலக இன்ஜினியர் ஒருவர் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறார். அவரோடு மாதவராஜ், வேறு ஊராட்சி என்றாலும் துணைக்கு வந்திருக்கிறார். கீழே மூன்று வாரமாக ஒரே பேச்சாம்: மேலிடத்து வண்டி ஒன்று நொச்சிக்கோம்பையில் முகாம் போட்டிருக்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது.

இன்ஜினியர் எழுந்து நின்றார். சின்னபொண்ணு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். அதுதான் பேச்சு. வாய் வரைக்கும் வந்துவிட்டது பேசாமை.

முடியவில்லை. "சார், நான் யாருமில்லீங்க. தக்காளி விவசாயி. பேரு சந்திரமோகன். இது என் சொந்த வண்டி" என்று ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன்.

மாதவராஜ் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை. அவர் முகத்தில், கொடுத்த வாழைப்பழத்தை நினைத்த மாதிரி ஒரு சாயல்.

இன்ஜினியர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "அப்புறம் ஏன் இங்க நிக்குது?"

"எறக்க முடியலீங்க."

"எப்படி ஏறுச்சு?"

"இழுத்தாங்க. நாப்பது பேரு."

அவர் ஆறு கிலோமீட்டர் அப்போதுதான் நடந்து வந்தவர். காலணியைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதி, எங்களுக்கும் வாசித்துக் காட்டினார்: "மலைப்பாதைக்கென வடிவமைக்கப்பட்ட வாகனமும் இறங்க இயலாமல் இருபத்தொரு நாட்களாக மேலே நிற்பது நேரில் கண்டறியப்பட்டது." கேட்டுவிட்டு, "இதுல தப்பு ஏதாவது இருக்குதுங்களா?" என்றார் என்னிடம்.

வடிவமைக்கப்பட்டது உண்மைதான். "இல்லீங்க" என்றேன்.

சின்னபொண்ணு அவர் காலுக்கு விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். நான் சொல்லிவிட்டதற்கு அவருக்கு என்மேல் கோபமா என்று தெரியவில்லை. இறங்கும்போது, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதுங்களா தம்பி" என்றார். பிறகு பையில் அவரைக்காய் போட்டுக் கொடுத்தார்.

26.11, புதன்

மழை. ஏறவில்லை. இரண்டாவது பறிப்புத் தக்காளி அழுகல். எழிலரசி நொச்சிக்கோம்பைச் சாமையைப் பாலக்கோட்டில் இரண்டு கடைக்குப் பேசி வைத்திருக்கிறாள். எனக்கே இன்றுதான் தெரியும். அவளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்றேன். "இப்பத் தெரியுதா?" என்றாள்.

14.12, ஞாயிறு

அடிவாரத்தில் ஜேசிபி வந்திருக்கிறது. பழைய பாதையையே அகலப்படுத்தி ஜல்லி போடுகிறார்களாம். இன்ஜினியர் போன் செய்து சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று கேட்டேன். "மேல உங்க வண்டிதானே நிக்குது" என்றார்.

21.1.2026, புதன்

ரோடு ஊர் வரைக்கும் வந்துவிட்டது. முந்தாநாள் முதல்முறையாக ஒரு வண்டி, அரசாங்க வண்டி, தானாகவே ஏறியிருக்கிறது. யாரும் இழுக்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டு சும்மா நின்றதாம், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

ஜீப்பை இன்று இறக்கிவிடலாம் என்று சாவி, பேட்டரி, டீசல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். எழிலரசி சாமை வாங்கும் கடைக்காரரைப் பார்க்க வேண்டியிருந்ததால் வரவில்லை. கதவைத் திறந்தால் டிரைவர் சீட்டில் கோழி. கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியே இருந்திருக்கிறது. என்னைப் பார்த்தது, எழவில்லை.

"அடையில உக்காந்து பத்து நாளாச்சு" என்றார் சின்னபொண்ணு. "இப்ப கலைச்சா எல்லாம் கூமுட்டையாப் போயிரும். இன்னும் பதினொரு நாளு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். பேட்டரியைச் சென்றாயன் வீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். வழியில் பள்ளிக்கூடப் பையோடு நாலு பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து எழிலரசியிடம் சொன்னேன். அடுத்த புதன் சாமை மூட்டை எடுக்கப் போக வேண்டும், கலைமணியை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"மூட்டைக்கு அவரு வரட்டும். நாம முன்னாலயே நடந்து போயிறலாம்" என்றாள். "ரோடுதான் நல்லா இருக்குதில்ல."